கானல் வரியும் கலங்கிய உள்ளங்களும்

இவ்வாண்டு எங்கள் வகுப்பு பூம்புகாருக்கு இன்பச் சுற்றுலா சென்றது. காலையில் புறப்படும்போது நாங்கள் 46 பேரும் ஒரே கூட்டம். மாலையில் திரும்பும்போது இரண்டு கூட்டம். நடுவில் நடந்தது ஒரே ஒரு பாட்டு.

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் வழக்கம்போலப் பாட்டுக்குப் பாட்டு தொடங்கியது. முன்னிருக்கைக்காரர்கள் ஒரு கட்சி. பின்னிருக்கைக்காரர்கள் ஒரு கட்சி. போட்டி மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்த ஒருத்தி திரைப்படப் பாட்டு ஒன்றைப் பாடினாள். உறவாடிப் பிரிந்து போனவளை நினைத்து மனம் வெதும்பி ஒருவன் பாடுவதாக வரும் பாட்டு அது. அவளுக்கு நல்ல குரல். பாடற்குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். எல்லோரும் கை தட்டினோம். முன்னிருக்கையில் இருந்த ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவ்விருவரும் உயிர்த் தோழியர். ஜூன் மாதம் முதல், என்ன காரணமோ, முன்னிருக்கைக்காரி மதியச் சாப்பாட்டுக்கு வேறு தோழியரோடு உட்காரத் தொடங்கியிருந்தாள். பாட்டு முடிந்ததும் அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று விட்ட ‘டூ’ வாரக்கணக்கில் நீண்டது. இருவருக்கும் ஆள் சேர்ந்து வகுப்பே இரண்டாயிற்று.

“ஒரு சினிமாப் பாட்டுக்கா இத்தனை கோபம்?” என்று எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் கேட்டார்கள். வீடுகளில் பெரியவர்களும் அப்படியே கேட்டார்கள். எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. விடை கிடைத்தது தமிழ் வகுப்பில்தான். நாங்கள் கால் நனைத்துவிட்டு வந்த அதே கடற்கரையில் இருவர் மாறி மாறிப் பாடினார்களாம். பாடி முடித்தபோது பிரிந்துவிட்டார்களாம். அந்தப் பாட்டுகள்தாம் சிலப்பதிகாரத்தின் கானல் வரி.

சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களும் 30 காதைகளும் உடையது என்பதைத் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதில் புகார்க் காண்டத்தின் ஏழாவது பகுதி கானல் வரி. கானல் என்றதும் நாங்கள் கானல் நீர் என்று எண்ணிக்கொண்டோம். தமிழம்மா சிரித்துவிட்டார்கள். கானல் என்றால் கடற்கரைச் சோலை. வரி என்பது ஒருவகை இசைப்பாட்டு. உ.வே.சாமிநாதையர் அவர்கள் 1892ஆம் ஆண்டில் அடியார்க்கு நல்லார் உரையோடு இக்காப்பியத்தைப் பதிப்பித்தார்கள். அவர்கள் ஏடு தேடி அலைந்த அலைச்சலுக்கு நாம் என்ன கைம்மாறு செய்வோம்!

கதையின் முற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கோவலனுக்குப் பதினாறு வயதும் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயதும் ஆனபோது திருமணம் நடக்கிறது. சில ஆண்டுகளில் மாதவி நாட்டிய அரங்கேற்றம் செய்கிறாள். அரசன் அளித்த 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையை விலை கொடுத்து வாங்கிய கோவலன், அவள் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். மணிமேகலை பிறக்கிறாள். கண்ணகி தன் வீட்டில் தனியே இருக்கிறாள்.

இந்திர விழா முடிகிறது. விழாவில் மாதவி ஆடிய ஆடல்கள் முடிந்தபோது கோவலன் ஊடியிருந்தான் என்று கடலாடு காதை போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறது. தமிழம்மா அந்த இடத்தில் நிறுத்தி, “இதை அடிக்கோடிடுங்கள்” என்றார்கள். ஏனென்று அப்போது விளங்கவில்லை. அவனை மகிழ்விக்கவே மாதவி நீராடி, மணம் பூசி, கால் விரல் முதல் தலை வரை அணிகலன் பூண்டாள். பிறகு அவன் கோவேறு கழுதை மீதும் அவள் வண்டியிலுமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். புன்னை மர நிழலில் ஓவியத் திரை கட்டி, மேலே விதானம் விரித்து அமர்கிறார்கள். வசந்தமாலையின் கையிலிருந்து மாதவி யாழை வாங்குகிறாள். நரம்புகளைச் சரிபார்த்துச் சுருதி கூட்டி, பணிவோடு கோவலனிடம் கொடுக்கிறாள்.

அவன் முதலில் காவிரியைப் பாடுகிறான். சோழ மன்னன் கங்கையைச் சேர்ந்தாலும், தெற்கே கன்னியைச் சேர்ந்தாலும் காவிரியாகிய நீ ஊடல் கொள்ளமாட்டாய், அதுவே மகளிரின் பெருங்கற்பு என்று கண்டுகொண்டேன் என்பது அவன் பாட்டின் கருத்து. ஆற்றைப் பாராட்டுவதுபோல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடுகிறவன் யார்? வீட்டில் ஒரு மனைவி காத்திருக்க, வேறு வீட்டில் வாழ்கிறவன்! இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் பெரிய வாதம் எழுந்தது. அவன் கண்ணகியை நினைத்துப் பாடினான் என்றது ஒரு கட்சி. மாதவியை அடக்கப் பாடினான் என்றது மற்றொரு கட்சி. மாதவியை மகிழ்விக்கப் பாடினான் என்று மட்டுமே இளங்கோவடிகள் சொல்கிறார் என்று தமிழம்மா முடித்துவைத்தார்கள். எங்களுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அடுத்துக் கோவலன் கடற்கரைச் சோலையில் கண்ட மீனவப் பெண் ஒருத்தியைப் பாடுகிறான். அவள் கண்கள் தன் உயிரை வாங்குகின்றன, அவளைக் காணாமல் இருக்கப்பெறவில்லை என்று உருகுகிறான். பெயர் சொல்லவில்லை. அவள் யார்?

யாரும் இல்லை என்பதுதான் உண்மையான விடை. இந்தக் காதற்பாட்டுகளெல்லாம் அகப்பொருள் மரபில் வந்தவை. அகப்பாட்டில் தலைவன், தலைவி என்றுதான் வரவேண்டும். இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. கடற்கரையைப் பாடினால் அது நெய்தல் திணை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். பொழுது, சூரியன் சாயும் எற்பாடு. கடற்கரையில் அமர்ந்து யாழெடுத்தவன் பிரிவையும் ஏக்கத்தையும் பாடுவது, நம் பாடற்குழு கிறிஸ்துமஸ் காலத்தில் மாட்டுக்கொட்டிலைப் பாடுவதைப்போல. அந்த இடத்துக்கு அதுதான் பாட்டு.

பெயரில்லாத பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. யார் வேண்டுமானாலும் அதற்குள் புகுந்துகொள்ளலாம். “பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் காதல் தோல்விப் பாட்டு எதற்கு?” என்று பெற்றோர் கேட்பது எங்களுக்குத் தெரியும். அன்புள்ள பெற்றோர்களே, எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அக்காள் திருமணமாகித் தொலைதூர ஊருக்குப் போய்விட்டாள். இருவரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இப்போது தங்கை பாத்திரம் துலக்கும்போது, பிரிந்து போன காதலனை எண்ணிப் பாடும் பாட்டைப் பாடுகிறாள். அவள் அம்மா பயந்துபோய்ப் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். அவள் நினைத்துக்கொண்டிருந்தது அக்காளை. அக்காள் போனதற்கென்று தனியாக ஒரு பாட்டு யாரும் எழுதித் தரவில்லை. இருக்கிற பாட்டில்தான் அவள் தன் துன்பத்தை வைக்க வேண்டியிருக்கிறது.

பாடுகிறவர் புகுந்துகொள்வதைப்போலவே கேட்கிறவரும் புகுந்துகொள்ளலாம். அங்கேதான் வினை. கோவலன் பாடியதைக் கேட்ட மாதவி, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். பெயரில்லாத இடத்தில் அவளே ஓர் ஆளை வைத்துவிட்டாள். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மகிழ்ந்தவள்போல யாழை வாங்கிக்கொண்டு, தானும் ஒரு குறிப்பு உடையவள்போலப் பாடத் தொடங்கினாள்.

அவளும் காவிரியில்தான் தொடங்குகிறாள். காவிரியே, நீ இப்படி அழகாக அசைந்து நடப்பதெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாமல் இருப்பதால்தான் என்று பாடுகிறாள். எவ்வளவு பணிவான பதில், எவ்வளவு கூர்மையான பதில்! ஊடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்று அவன் சொல்ல, அதற்கு அவன் கோல் கோணாமல் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். இந்த விடையைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் இரு கட்சியும் சேர்ந்து கை தட்டியது. பல வாரங்களுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து தட்டியது அன்றுதான்.

பிறகு அவள் கைவிடப்பட்ட கடற்கரைப் பெண்ணாகப் பாடுகிறாள். காதலனுடைய தேர்ச் சக்கரம் மணலில் பதித்த தடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அலை ஏறி வந்து அதையும் அழிக்கிறது. அவள் அலையோடு முறையிடுகிறாள், சோலையோடு பேசுகிறாள், அன்னத்தோடும் பேசுகிறாள். கேட்க மனிதர் ஒருவரும் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? அப்புறம் மாலைப்பொழுது வருகிறது. சூரியன் மறைகிறது, இருள் பரவுகிறது, கண்ணீர் பெருகுகிறது. என்னை விட்டுப் போனவர் இருக்கும் நாட்டிலும் இப்படி ஒரு மாலை வருமா என்று அவள் கேட்கிறாள். விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்கு இந்தப் பாட்டை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மாலை ஆறு மணி மணியோசைக்கும் இரவுப் படிப்புக்கும் இடையில் உள்ள அரைமணி நேரம் அவர்களுக்குத் தெரியும்.

மாதவியின் பாட்டை மீண்டும் மீண்டும் படித்துப் பார்த்தோம். நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்ற அச்சம்தான் அதில் எங்களுக்குத் தெரிகிறது. கோவலனுக்குக் கேட்டதோ வேறு. நான் கடற்கரைப் பாட்டுத்தான் பாடினேன், இவளோ வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடிவிட்டாள் என்று எண்ணினான். தான் பாடியது வெறும் பாட்டு; அவள் பாடியது மட்டும் வாக்குமூலம்! இளங்கோவடிகள் குறிப்புடையவள் ‘போல்’ என்று எச்சரிக்கையாகச் சொல்கிறார். அந்தப் ‘போல்’ அவன் காதில் விழவில்லை. யாழைச் சாக்காக வைத்து ஊழ்வினை வந்து மூண்டது என்கிறார் அடிகள். பொழுது போயிற்று, எழுவோம் என்று சொல்லிவிட்டு அவன் ஏவலாளரோடு போய்விட்டான். மாதவி வாய் பேசாமல் வண்டியில் ஏறித் தனியே வீடு திரும்பினாள்.

ஊழ்வினை இருக்கட்டும். அடிக்கோடிட்ட வரி அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் ஏற்கெனவே ஊடியிருந்தான். அவளுக்கும் ஏற்கெனவே அச்சம் இருந்தது. பாட்டு புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு இடம் மாறிய ஜூன் மாதத்தை நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

இளவேனில் வருகிறது. மாதவி மேன்மாடத்தில் தனியே அமர்ந்து பாடிப் பார்க்கிறாள், பண் மயங்குகிறது. யாழெடுத்து வாசிக்கிறாள், அதுவும் வேறு பண்ணுக்குப் போய்விடுகிறது. ஐந்து வயது முதல் ஏழாண்டு பயின்று அரசவையில் அரங்கேறியவளுக்கு! யாழை வைத்துவிட்டுத் தாழம்பூ மடலை எடுக்கிறாள். பிச்சி மொட்டை எழுத்தாணியாகப் பிடித்து, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்துக் கடிதம் எழுதுகிறாள். வசந்தமாலை அதைக் கொண்டுபோய்க் கூலக்கடைத் தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அவள் ஆடல்மகள், என்னிடம் காட்டிய அன்பெல்லாம் ஆட்டம் என்று சொல்லி, அவள் சிரித்ததையும் ஊடியதையும் மயங்கியதையும் ஒவ்வொன்றாக நாட்டிய வகைகளின் பெயரிட்டு எண்ணிக் காட்டுகிறான். காப்பியம் முழுவதிலும் எங்களுக்கு மிகவும் கோபம் வந்த இடம் இதுதான். திறமையைக் கண்டு விரும்பியவன், அதே திறமையைக் குற்றமாக்கிவிட்டான்.

வசந்தமாலை வெறுங்கையோடு திரும்பியபோது, மாலையில் வராவிட்டாலும் காலையில் பார்ப்போம் என்று மாதவி சொன்னாளாம். சொல்லிவிட்டு உறங்காமல் கிடந்தாளாம். கோவலனோ கண்ணகியை அழைத்துக்கொண்டு பொழுது புலருமுன்பே ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டான். அவள் சொன்ன காலை வரவில்லை.

இப்போது கண்ணகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையில் இத்தனை பாட்டு ஒலித்ததே, பிரிவுத் துயரை உண்மையில் ஆண்டுக்கணக்கில் அனுபவித்தவள் யார்? மாலைக் காலத்தைப் பாடும் காதையில் இளங்கோவடிகள் அவளைக் காட்டுகிறார். காலில் சிலம்பு இல்லை, இடையில் மேகலை இல்லை, கண்ணில் மை இல்லை, கூந்தலில் எண்ணெய் இல்லை. இப்படி ‘இல்லை இல்லை’ என்றே அவளை வரைகிறார். புகார்க் காண்டத்தில் அவளுக்கு ஒரு பாட்டுக்கூட இல்லை. தோழி தேவந்தி அவளிடம், சோமகுண்டம் சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமவேளை வணங்கினால் கணவன் வந்து சேர்வான் என்று வழி சொல்கிறாள். அது நமக்குப் பெருமை அன்று என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறாள் கண்ணகி. அவ்வளவுதான்.

விடுதியில் முதல் மாதம் வந்த சிறுமிகளைப் பற்றி வார்டன் சிஸ்டர் ஒருமுறை சொன்னார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சோகப் பாட்டுப் பாடுகிற பிள்ளையைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படுவதில்லையாம். தலையணையைத் தட்டி ஒழுங்காக வைத்துவிட்டு, ‘நன்றாக இருக்கிறேன் சிஸ்டர்’ என்று சொல்லும் பிள்ளையைத்தான் மறுநாள் அலுவலறைக்குக் கூப்பிடுவார்களாம். கண்ணகியைப் படித்தபோது எங்களுக்கு அது நினைவுக்கு வந்தது.

ஆனால் கண்ணகியும் ஒருநாள் சொல்லிவிடுகிறாள். மதுரையில் ஆயர்பாடியில், கோவலனுக்குத் தன் கையால் சமைத்துப் பரிமாறிய பிறகு. நான் எழுக என்றதும் ஏன் எழுந்து வந்தாய் என்று அவன் கேட்கிறான். நீர் சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை மேற்கொண்டீர் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். யாழும் இல்லை, அன்னமும் இல்லை. அவன் கோபிக்கவில்லை. அன்றே சிலம்பை விற்கப் போகிறான். அதற்குமேல் நடந்ததை நாடறியும்.

அதற்கு முன்பே வழியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் இரண்டாவது கடிதத்தோடு கோசிகன் என்னும் அந்தணன் கோவலனைத் தேடி வருகிறான். துயரத்தால் கோவலனின் உருவமே மாறியிருக்கிறது. இவன் அவன்தானா என்று ஐயம். அதனால் அருகிலிருந்த குருகுக்கத்திக் கொடியைப் பார்த்துப் பேசுகிறான். அந்தக் கொடிக்கும் மாதவி என்றுதான் பெயர். கோவலனைப் பிரிந்த மாதவியைப்போல நீயும் வாடினாயோ என்கிறான். கோவலன் திரும்பிப் பார்க்கிறான்.

இந்தக் கடிதத்தை அவன் வாங்கிப் பிரிக்கிறான். தாய் தந்தையருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவிலே நீர் புறப்பட்டுப் போகும்படி நான் செய்த பிழை எது என்று அறியாமல் என் நெஞ்சம் தவிக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. படித்ததும் அவன் சோர்வு நீங்குகிறது. அவளிடம் தீது இல்லை, தீது என்னுடையதே என்கிறான். அடுத்து அவன் செய்வதுதான் வியப்பு. இதிலுள்ள சொற்கள் என் பெற்றோருக்கு நான் எழுத வேண்டியவற்றுக்கும் பொருந்துகின்றன, இதையே அவர்களிடம் கொடு என்று அக்கடிதத்தைக் கோசிகனிடம் திருப்பித் தருகிறான். பெயரில்லாத பாட்டில் தவறான ஆளை வைத்துக் கெட்டவன், இங்கே அவள் சொற்களுக்குள் தன்னை வைத்துக்கொண்டான். தீது என்னுடையதே என்று அவன் சொன்னதைக் கோசிகன் மாதவியிடம் சொன்னானா? காப்பியத்தில் இல்லை. தமிழம்மாவிடம் கேட்டோம். “நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

பூம்புகாரில் நாங்கள் பார்த்த காவிரி சிற்றாறுபோலத்தான் இருந்தது. இதையா இத்தனை பேர் பாடினார்கள் என்று அன்று கேலி செய்தோம். 1973இல் கட்டப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழுநிலை மாடத்தையும் சிற்பங்களையும் வரிசையில் நின்று பார்த்தபோதுகூட, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி விட்டு நடந்தோம். பாடம் படித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்!

கானல் வரி நடத்தி முடித்த வாரம், தண்ணீர்க் குழாயடியில் முன்னிருக்கைக்காரி பின்னிருக்கைக்காரியின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கட்சியும் டிபன் டப்பாவைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

“அந்தப் பாட்டு என்னைப் பத்தித்தானே பாடினே?”

மற்றவள் விழித்தாள். “எந்தப் பாட்டுடி?”

“பஸ்ஸிலே பாடினியே!”

“அதுவா? எனக்கு ‘நீ’ எழுத்து வந்துது. ‘நீ’யிலே எனக்கு வேற பாட்டே தெரியாதுடி!”